புளியமரத்தின் பழம்பெயர்: திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து ‘*சிந்த்த’ என்னும் மீட்டுருவாக்கச் சொல் பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் ‘திந்திரிணிவனம்’ என்னும் வடமொழித் தொடரின் திரிபு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். திந்திரிணி என்பது புளியமரம். இவ்வடசொல்லே ‘சிந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்றும், ஆகவே ஊர்ப்பெயர் தமிழ்ப்பெயரே என்றும் வாதிக்க இடமுண்டு. தெலுங்கு, கோண்டி, பர்ஜி முதலிய மொழிகளில் புளியமரத்தைக் குறிக்கும் சொற்களிலிருந்து மீட்டுருவாக்கப்படும் ‘*சிந்த்த’ என்னும் பெயர்ச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்து, அவ்வாதத்தின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: மீட்டுருவாக்கம், இனச்சொல், கடன்சொல், ஊர்ப்பெயராய்வு, புளி, திண்டிவனம்

முன்னுரை

ஊர்ப்பெயராய்வில் இருவகைப் பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, பெயரின் இன்றைய வடிவத்தை மட்டும் கண்டு பொருள் கூறுவது. மற்றொன்று, பெயர் எம்மொழியிலிருந்து வந்தது என்னும் வினாவுக்கு ஒரே படியில் விடை கூறிவிடுவது. விழுப்புரம் முதல்வகைக்கும், திண்டிவனம் இரண்டாம் வகைக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

விழுப்புரம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரம் லகரமாகிவிடுகிறது. அவ்வெழுத்தைக் கண்டு ‘வில்’ என்னும் சொல்லோடு இப்பெயரை இணைப்பது எளிது. வில் என்பது திராவிட மொழிக்குடும்பத்தின் பழம்பெயர்களுள் ஒன்று. கன்னடத்தில் பில், பில்லு எனவும், தெலுங்கில் வில்லு எனவும், பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயி மொழியில் பில் எனவும் அது வாழ்கிறது. ஆயினும் இவ்வூர்ப்பெயரில் உள்ளது வில் அன்று. ‘விழு’ என்னும் அடியாகும். விழுமம் என்னும் உரிச்சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என்னும் பொருள்களைத் தொல்காப்பியம் கூறுகிறது. விழுமிய, விழுப்பொருள் என்னும் சொற்களும் இவ்வடியினவே. ழகரமும் லகரமும் வேறுவேறு ஒலியன்கள். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் ஒப்பியல் முழுவதும் குலைந்துவிடும்.

திண்டிவனத்தில் சிக்கல் இதனினும் நுட்பமானது. அங்குப் பொருள் தெளிவாக உள்ளது. சொல்லின் வழிதான் தெளிவாக இல்லை.

ஊரும் பெயரும்

திண்டிவனப் பகுதியின் பழம்பெயர் வேறு. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்னும் ஊர்கள் அதில் இடம்பெறுகின்றன. அக்கிடங்கில் இன்று கிடங்கல் என்னும் பெயரில் திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. கிடங்கு என்பது அகழி. ஆகவே சங்ககாலத்தில் இவ்விடம் அரணால் பெயர் பெற்றிருந்தது, மரத்தால் அன்று.

திண்டிவனம் என்னும் பெயர் இங்குள்ள சிவன் கோயிலோடு தொடர்புடையது. இறைவன் பெயர் திந்திரிணீசுவரர், தலமரம் புளி. தலத்தின் பெயரும் இறைவன் பெயரும் வடமொழியில் அமைந்து, பின்னர் அவ்வடிவமே ஊர்ப்பெயராக நிலைபெறுதல் தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் நிகழ்வு. திருமறைக்காடு வேதாரணியம் ஆனதும், முதுகுன்றம் விருத்தாசலம் ஆனதும் நன்கறியப்பட்டவை. அவ்விரண்டிலும் தமிழ்ப்பெயரின் பொருள் அப்படியே வடமொழியில் பெயர்க்கப்பட்டுள்ளது. திண்டிவனத்திற்கோ அவ்வாறு பெயர்க்கப்பட்ட ‘புளியங்காடு’ போன்ற முன்வடிவம் தேவைப்படுவதில்லை. கிடங்கில் என்னும் பெயருக்கும் புளிக்கும் தொடர்பில்லை.

திந்திடீ, திந்திரிணீ என்னும் இரு வடிவங்களும் வடமொழியில் உண்டு. இவற்றுள் நாவளை ஒலி பெற்ற திந்திடீ என்னும் வடிவிலிருந்து திண்டி என்பதை விளக்குவது எளிது. திந்திடிவனம் என்பதில் ஒத்த ஓசையுடைய இரண்டு அசைகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று கெட, எஞ்சிய டகரத்திற்கு ஏற்ப முன்னுள்ள நகரம் ணகரமாகிறது. திந்திரிணி என்பதிலிருந்து தொடங்கினால் இரண்டு அசைகள் கெட்டன என்றும், டகரம் புதிதாகத் தோன்றிற்று என்றும் கொள்ள வேண்டியிருக்கும். தின்னுதல் என்னும் வினையோடு தொடர்புடைய ‘திண்டி’ என்னும் உணவுப்பெயரோடு இவ்வூர்ப்பெயரை இணைப்பது வெறும் ஓசையொப்புமையே; தலமரமும் இறைவன் பெயரும் அதற்குச் சான்றாகா.

இனச்சொற்களும் மீட்டுருவாக்கமும்

தெலுங்கில் புளியமரம் ‘சிந்த’ எனப்படும். இதன் தகரம் ஒலிப்பிலாத் தகரம். பர்ஜி மொழியில் இது ‘சித்த’ எனவும், கோண்டி மொழியின் வட்டார வழக்குகளில் ‘சித்தா’, ‘ஹித்தா’ எனவும் வழங்குகிறது. பரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இச்சொற்களை ஒரே பதிவின்கீழ்த் தருகிறது. தமிழ்ச் ‘சிந்தம்’ என்பதையும் அதனுள் சேர்க்கிறது.

முதலெழுத்தில் உள்ள வேறுபாடு விதிக்கு உட்பட்டதே. மூலத்திராவிட மொழிமுதற் சகரம் கோண்டியில் ஸகரமாகவும், சில வழக்குகளில் ஹகரமாகவும், வேறு சிலவற்றில் முற்றிலும் கெட்டும் காணப்படுகிறது. உப்பு என்னும் சொல் இதற்குச் சான்று. அது பர்ஜியில் சுப், கோலாமியில் ஸுப். கோண்டி வழக்குகளில் ஸகரம், ஹகரம், உயிர் ஆகிய மூன்றையும் முதலாகக் கொண்டு வருகிறது. தமிழில் சகரம் கெட்டு ‘உப்பு’ ஆகியுள்ளது. சிறகு – இறகு, சிப்பி – இப்பி ஆகிய இணைகளிலும் இக்கேட்டைக் காணலாம்.

இடையில் உள்ள மெய்கள் மேலும் முக்கியமானவை. தெலுங்கில் மூக்கொலியும் ஒலிப்பிலா வல்லொலியும் (ந்த) உள்ள இடத்தில் பர்ஜியிலும் கோண்டியிலும் இரட்டை வல்லொலி (த்த) உள்ளது. மூலத்தில் மூக்கொலியை அடுத்து இரட்டை வல்லொலி இருந்தது என்று கொண்டால்தான் இரண்டு வடிவங்களையும் விளக்க முடியும். ஆகவே மீட்டுருவாக்க வடிவம் ‘*சிந்த்த’ ஆகிறது. மூக்கொலி தெலுங்கில் நிலைபெற்றது. இரட்டை வல்லொலி ஒற்றையாயிற்று. மற்ற மொழிகளில் மூக்கொலி கெட்டது.

தமிழ் இவ்விடத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும்? தோட்டம் என்னும் சொல் விடை தருகிறது. கன்னடத்தில் இது தோண்ட, தோட என இரு வடிவிலும் வருகிறது. பழந்தெலுங்கு வடிவிலும் மூக்கொலியின் சுவடு உண்டு. தமிழிலும் மலையாளத்திலும் மூக்கொலி கெட்டு ‘தோட்டம்’ என இரட்டை வல்லொலியே நிற்கிறது. இவ்விதிப்படி ‘*சிந்த்த’ என்பது தமிழில் மரபுவழி வந்திருந்தால் ‘சித்தம்’ என்றோ, சகரம் கெட்டு ‘இத்தம்’ என்றோ அமைந்திருக்க வேண்டும். சிந்தம் என்னும் வடிவம் இரண்டிற்கும் பொருந்தவில்லை.

மேலும், சிந்தம் என்பது அகராதி, நிகண்டு வழக்காகவே அறியப்படுகிறது. புளியமரத்திற்குத் தமிழ் அகராதிகள் தரும் சிஞ்சம், ஆம்பிலம், திந்திடீகம் முதலிய பிற பெயர்கள் வெளிப்படையாக வடமொழிக் கடன்கள். அவ்வரிசையில் நிற்கும் சிந்தம் என்பதும் தெலுங்கிலிருந்தோ பிற வழியிலோ வந்த கடனாக இருத்தலே இயல்பு. ஒலிவிதியும் வழக்கும் ஒரே திசையைக் காட்டுவதால், இச்சொல்லைத் தமிழின் மரபுச்சொல்லாகக் கொள்வதற்கு ஆதாரம் குறைவு.

வட திராவிட மொழிகளான குடுக், மால்டோ, பிராகூயி ஆகியவற்றில் இதற்கு உறுதியான இனச்சொல் இல்லை. தமிழ்ச்சான்றை நீக்கினால் எஞ்சுபவை தென்-நடுத் திராவிடமும் நடுத் திராவிடமும் மட்டுமே. ஆகவே ‘*சிந்த்த’ என்பதை மூலத்திராவிடச் சொல் என்று முழு உறுதியுடன் கூறுவதைவிட, கோதாவரி முதல் பஸ்தர் வரையிலான நிலப்பரப்பில் வழங்கிய பழஞ்சொல் என்று கூறுவது சான்றுக்கு நெருக்கமானது.

சுவையும் மரமும்: ‘புளி’யின் வரலாறு

தமிழ், மலையாளம், கன்னடம் ஆகியவை புளியமரத்திற்கு வேறொரு வழியில் பெயரிட்டன. ‘*புள்’ என்பது புளிப்பைக் குறிக்கும் மூலத்திராவிட வேர். தமிழ், மலையாளம், குடகு, துளு ஆகியவற்றில் புளி. கன்னடத்தில் புளி > ஹுளி. தெலுங்கில் புலி, புலுப்பு, புலுசு. கன்னடத்தில் மரத்தின் பெயரான புணிசெ > ஹுணிசெ என்பதும் இவ்வேரோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. தெலுங்கு இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு வேலையைப் பங்கிட்டது: சுவைக்குப் புலி, மரத்திற்குச் சிந்த. தமிழில் சுவையின் பெயரே மரத்திற்கும் ஆயிற்று. மலையாளத்தில் இப்போக்கு மேலும் விரிந்தது. வாளன்புளி, குடம்புளி, இரும்பன்புளி என ஒன்றோடொன்று உறவில்லாத மூன்று தாவரங்கள் புளி என்னும் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன. பெயரின் அடிப்படை மரம் அன்று, சுவையே என்பதை இது காட்டுகிறது.

ஒரே சொல் மரத்தையும் சுவையையும் குறிக்கும்போது எழும் மயக்கத்தைத் தமிழ் புணர்ச்சியால் தீர்த்தது. மரப்பெயராகிய புளி ‘அம்’ சாரியை பெறும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதிக்கிறது. சுவைப்பெயராகிய புளிக்கு மெல்லெழுத்து மிகும் என்றும், வல்லெழுத்து மிகினும் குற்றமில்லை என்றும் அடுத்துக் கூறுகிறது. ஆகவே மரத்தின் கிளை புளியங்கோடு; புளித்த கூழ் புளிங்கூழ் அல்லது புளிக்கூழ். தெலுங்கு இரு சொற்களால் செய்த வேறுபாட்டைத் தமிழ் ஒரு சாரியையால் செய்தது. இவ்விதி இன்றும் ஊர்ப்பெயர்களில் உயிரோடுள்ளது. புளியங்குடி, புளியந்தோப்பு, புளியங்குளம் ஆகிய அனைத்திலும் அம் சாரியை உள்ளது.

தொல்காப்பியம் ‘எகின்’ என்னும் மரப்பெயரையும் குறிப்பிடுகிறது. அகராதிகள் அதற்குப் புளியமரம் எனப் பொருள் தருகின்றன. இப்பொருள் பழமையானதாயின், தமிழில் புளி என்பது மரத்தின் பெயராவதற்கு முன் வேறொரு மரப்பெயர் இருந்திருக்கலாம். அதுவும் ‘*சிந்த்த’ அன்று. தமிழில் இம்மரத்திற்குச் ‘சிந்தம்’ என்னும் மரபுப்பெயர் இருந்தது என்னும் கருத்தை இதுவும் வலுவிழக்கச் செய்கிறது.

வடமொழி வடிவங்களும் அவற்றின் வழித்தோன்றல்களும்

அமரகோசம் புளியமரத்திற்குத் திந்திடீ, சிஞ்சா, அம்லிகா என்னும் மூன்று பெயர்களை ஒருங்கே தருகிறது. இம்மூன்றும் இன்றைய இந்தோ-ஆரிய மொழிகளில் மூன்று வேறு நிலப்பகுதிகளில் வாழ்கின்றன.

அம்லிகா என்பது புளிப்பைக் குறிக்கும் அம்ல என்பதன் அடியாகப் பிறந்தது. இந்தியில் இம்லீ, குஜராத்தியில் ஆம்லீ என வட, மேற்குப் பகுதிகளில் வழங்குகிறது. சிஞ்சா என்பது மராத்தியிலும் கொங்கணியிலும் சிஞ்ச் ஆயிற்று. திந்திடீ வரிசைச் சொற்கள் கிழக்கில் உள்ளன: வங்காளத்தில் தேந்துல், ஒடியாவில் தெந்துளி, அசாமியத்தில் தேதெலி.

ஊர்ப்பெயர்களும் இதே எல்லைகளைக் காட்டுகின்றன. மராட்டியத்தில் சிஞ்ச்வட், சிஞ்ச்போக்லி, வங்காளதேசத்தின் வடக்கு முனையில் தெதுலியா, ஆந்திரத்தில் சிந்தலபூடி, சிந்தபள்ளி, கர்நாடகத்தில் ஹுணசூரு, தமிழகத்தில் புளியங்குடி. இவ்வரைபடத்தில் திண்டிவனம் தனித்து நிற்கிறது. கிழக்கிந்தியப் பகுதிக்குரிய வரிசையைச் சேர்ந்த சொல் தமிழ்நிலத்தின் நடுவில் உள்ளது. மக்கள் வழக்கு அதை அங்குக் கொண்டுவந்திருக்க இயலாது. கோயில்வழி வந்த வடமொழிப் புலமை வழக்கே கொண்டுவந்தது என்பதற்கு இப்பரவலே வலிய சான்று.

திந்திடீ, சிஞ்சா ஆகிய இரண்டிற்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் இல்லை. சிஞ்சா வழங்கும் மராத்தி நிலம் தெலுங்கு, கோண்டி நிலங்களை ஒட்டியது. ‘*சிந்த்த’ என்பதன் தகரம் முதற் சகரத்திற்கேற்பத் திரிந்து சிஞ்சா ஆகியிருக்கலாம் என்பது ஒலியாலும் நிலத்தாலும் ஏற்கத்தக்க கருத்து. திந்திடீ அவ்வளவு எளிதன்று. சகரம் தகரமாதல் வேண்டும். ஈற்றில் உள்ள ‘டீ’ என்பதற்கும் விளக்கம் வேண்டும். திராவிடத்தில் அவ்வீற்றுக்கு இணை இல்லை. மறுபுறம், சோரா முதலிய தென்முண்டா மொழிகளில் புளியமரப் பெயர் தகரத்தில் தொடங்குகிறது. கிழக்கிந்தியாவின் தேந்துல், தெந்துளி வடிவங்கள் வழங்கும் நிலமும் முண்டா மொழிகளின் அண்மை நிலமே. ஆகவே திந்திடீ என்பதற்கு முண்டா மூலம் கூறுவோர் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. முண்டாக் கிளையிலேயே சந்தாலி, முண்டாரி ஆகியவை ‘ஜொஜொ’ என்னும் வேறு சொல்லைக் கொண்டுள்ளன. அச்சொல்லுக்கும் புளிப்பு என்பதே பொருள். தமிழ்ப் புளி, வடமொழி அம்லிகா, சந்தாலி ஜொஜொ ஆகிய மூன்றும் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரே பொருள்வழியில் பிறந்தவை.

மரத்தின் வரலாறு எழுப்பும் வினா

புளி ஒற்றை இனமுடைய பேரினம். அதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிக் காடுகள் என்பது தாவரவியலாளரிடையே வலுவாக உள்ள கருத்து. இந்தியாவிற்கு அது மிகப் பழங்காலத்தில் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் நர்ஹான் அகழாய்வில் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் புளியமரக் கரி கிடைத்துள்ளது. அரேபியர் இதனை இந்தியாவின் பழமாகவே அறிந்து ‘தம்ர் ஹிந்தீ’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றனர். அது இலத்தீன்வழி ‘தமரிந்துஸ்’ ஆயிற்று. 1753இல் லின்னேயஸ் ‘தமரிந்துஸ் இண்டிகா’ எனப் பெயரிட்டபோது இந்தியா என்னும் சொல் அப்பெயரில் இருமுறை இடம்பெற்றுவிட்டது.

திராவிட மொழிக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் என 2018இல் வெளியான புள்ளியியல் வழிப்பட்ட வகைப்பாட்டாய்வு ஒன்று மதிப்பிட்டது. மரம் வெளியிலிருந்து வந்ததாயின், அதற்கு மூலத்திராவிட நிலையிலேயே பெயர் இருந்தது என்று கூறுமுன் இரு காலங்களையும் ஒப்பிட்டாக வேண்டும். மொழிகள் பிரிந்தபின் மரம் வந்திருந்தால், ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே பெயரிட்டிருக்கும். ஒரு சொல் அண்டை மொழிகளுக்குப் பரவியும் இருக்கும். ‘*சிந்த்த’ ஒரு பகுதியில் மட்டும் காணப்படுவதும், தெற்கே சுவைப்பெயர் மரப்பெயரானதும் இந்நிலைக்கு நன்கு பொருந்துகின்றன. இதற்கு மாறாக, கோண்டி, பர்ஜி வடிவங்களில் ஒலிவிதிகள் முறையாக இயங்கியிருப்பது, அவ்விதிகள் செயற்படுமுன்பே இச்சொல் அங்கு இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஆகவே சொல் மிகப் பழையது. ஆனால் குடும்பம் முழுமைக்கும் உரியது என்பதற்குச் சான்று போதாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. திண்டிவனம் என்னும் பெயரின் உடனடி மூலம் வடமொழித் திந்திடீ அல்லது திந்திரிணீ. அது கோயில்வழி வந்தது. இவ்விடத்தின் பழந்தமிழ்ப் பெயர் கிடங்கில்.

2. ‘*சிந்த்த’ என்னும் சொல் தெலுங்கு, கோண்டி, பர்ஜி வடிவங்களால் உறுதிப்படுகிறது. தமிழ்ச் சிந்தம் ஒலிவிதிக்குப் பொருந்தாமையாலும் இலக்கிய வழக்கின்மையாலும் மரபுச்சொல் ஆகாது. சிந்தம் > திந்தம் > திண்டி என்னும் வரிசை நிலைபெறாது.

3. சிஞ்சா திராவிடத்திலிருந்து பெற்ற கடனாக இருக்கலாம். திந்திடீ என்பதற்கு முண்டாத் தொடர்பையும் கருத வேண்டும். இரண்டும் வடமொழிக்கு வெளியிலிருந்து வந்தவை.

எனவே, ‘திண்டிவனம் தமிழா, வடமொழியா?’ என்னும் வினா இருபடிகளில் விடை பெறவேண்டியது. அருகிலுள்ள படியில் அது வடமொழி. தொலைவிலுள்ள படியில் அது இந்நிலத்தின் பழங்குடி மொழிகளுக்குரியது. ஒரு சொல் எம்மொழிவழி வந்தது என்பதும், எம்மொழியில் பிறந்தது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இரண்டையும் ஒன்றாக்கி, பெருமைக்காகவோ மறுப்பிற்காகவோ விடை கூறுவது ஊர்ப்பெயராய்வுக்குத் துணைசெய்யாது. தமிழின் தனித்தன்மையைக் காட்ட சிந்தம் என்னும் ஐயத்திற்குரிய சொல் தேவையுமில்லை. ஒரே சொல்லை மரத்திற்கும் சுவைக்கும் ஆக்கி, இரண்டையும் ஒரு சாரியையால் பிரித்துக்காட்டிய புளி என்னும் சொல்லின் வரலாறே அதற்குப் போதிய சான்றாகும்.